தீவு நத்தைகள் எப்படிப் புது இனங்கள் ஆகின்றன: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மழைக்காலத்தில் பிள்ளைகளையும் பெற்றோரையும் கூட்டிக்கொண்டு நத்தை பார்க்கப் போவது என் பழக்கம். வழியில் பேச்சு எப்படியும் ஹவாய்த் தீவுகளுக்குப் போய்விடும். புது இனம் எப்படி உருவாகிறது என்பதை அந்தத் தீவுகளின் மர நத்தைகளை விடத் தெளிவாகக் காட்டும் உயிர்கள் குறைவு. ஒவ்வொரு நடையிலும் ஏறக்குறைய அதே சந்தேகங்கள் வருவதால், கேட்டவர்கள் சொன்னபடியே கேள்விகளை எழுதி, பதிலையும் சேர்த்திருக்கிறேன். பாடப்புத்தகத்தில் 'சிற்றினம்' என்று வருவதை இங்கே சுருக்கமாக 'இனம்' என்கிறேன்.

வயல்ல கிடக்கிற நத்தையும் நீங்க சொல்ற நத்தையும் ஒண்ணா?

இல்லை. வயலிலும் குளத்திலும் கிடப்பது, சிலர் சமைத்துச் சாப்பிடுவது, நன்னீர் நத்தை. அதன் ஓட்டின் வாயை அடைக்க உறுதியான மூடி ஒன்று உண்டு. இங்கே பேசுவது தரை நத்தைகளைப் பற்றி. மண்ணிலும் சருகிலும் மரத்திலும் வாழ்ந்து, காற்றைச் சுவாசிப்பவை இவை. பெரும்பாலான தரை நத்தைகளுக்கு அப்படி ஒரு மூடி கிடையாது. வறட்சி வந்தால் தன் சளியாலேயே ஒரு சவ்வை இழுத்து வாயை அடைத்துக்கொண்டு மாதக்கணக்கில் தூங்கும். இந்தச் சவ்வை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஒரு தீவுல மிஞ்சிப்போனா எத்தனை வகை நத்தை இருந்துடப் போகுது?

ஹவாய்த் தீவுக்கூட்டத்தில் மட்டும் 750-க்கு மேற்பட்ட தரை நத்தை இனங்கள் அடையாளம் காணப்பட்டிருக்கின்றன. அவற்றில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது உலகில் வேறெங்கும் கிடையாது. அமாஸ்ட்ரிடே என்ற முழுக் குடும்பமே, 300-க்கு மேற்பட்ட இனங்களோடு, அங்கே மட்டும்தான் இருந்தது. ஒவாஹு என்ற தீவின் பரப்பு சுமார் 1,500 சதுர கிலோமீட்டர். அதற்குள் அக்காட்டினெல்லா என்ற ஒரே பேரினத்தில், அதாவது நெருங்கிய இனங்களின் ஒரே தொகுதியில், 41 இனங்கள். விரல் நுனியளவு மர நத்தைகள் அவை. மஞ்சள், பச்சை, பழுப்பு, வெள்ளை, அதன்மேல் பட்டைபட்டையாகக் கோடுகள் என்று ஓடுகள் மெருகேற்றினாற்போல் மின்னும். அங்கத்திய மக்கள் அவற்றை மாலையாகக் கோத்து அணிந்தார்கள்.

ஹவாய் மட்டும் விதிவிலக்கில்லை. ஜப்பானுக்குத் தெற்கே உள்ள ஒகசவாரா, அட்லாண்டிக்கில் மதேரா, பசிபிக்கில் கலாபகஸ், தஹித்தி, மூரியா என்று தூரத்துத் தீவுகள் பலவற்றிலும் இதே கதைதான்.

நத்தை மேல உப்பு பட்டாலே செத்துடுமே, நடுக்கடல் தீவுக்கு எப்படிப் போச்சு?

இந்தக் கேள்வி டார்வினையே தொந்தரவு செய்தது. அவர் சோதித்தும் பார்த்தார். வாயை அடைத்துக்கொண்டு தூங்கும் ஐரோப்பிய நத்தை ஒன்றைக் கடல்நீரில் 20 நாள் போட்டுவைத்தார். வெளியே எடுத்தபோது அது நன்றாக ஊர்ந்தது. அவர் காலத்தில் பிரான்சிலும் ஒருவர், துளையிட்ட பெட்டியில் 100 நத்தைகளை அடைத்து இரண்டு வாரம் கடலில் மூழ்கவைத்தார். 27 பிழைத்தன. அந்தச் சவ்வும், சிலவற்றுக்கு மட்டும் உள்ள மூடியும் செய்யும் வேலை இது. வெறும் உடம்பில் உப்பு படுவது வேறு, கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்பது வேறு. புயலில் வேரோடு பெயர்ந்து மிதந்துபோகும் மரத்தின் பட்டை இடுக்கில் இப்படி ஒரு நத்தை தூங்கிக்கொண்டு போகலாம்.

இன்னொரு வழி பறவை. இறகிலோ காலிலோ ஒட்டிக்கொள்ள, சில மில்லிமீட்டர் அளவுள்ள நத்தைக்குச் சளி ஒன்றே போதும். பாலியா என்ற சிறு நத்தைகளின் டிஎன்ஏ-வைப் பார்த்தபோது, அவற்றின் மூதாதைகள் ஐரோப்பாவிலிருந்து அசோர்ஸ் தீவுகளுக்கும், அங்கிருந்து தென் அட்லாண்டிக்கின் டிரிஸ்டன் ட குன்ஹா தீவுகளுக்கும் போயிருப்பது தெரிந்தது. சுமார் 9,000 கிலோமீட்டர் பயணம். பறவையைத் தவிர வேறு வாகனத்தை நினைக்க முடியவில்லை.

பறவை தின்னுட்டா செரிச்சுடாதா?

பெரும்பாலும் செரித்துவிடும். ஆனால் எல்லாமே இல்லை. ஒகசவாராவின் ஹாஹாஜிமா தீவில் இரண்டரை மில்லிமீட்டர் அளவுள்ள ஒரு நத்தையை வெள்ளைக்கண்ணிக் குருவிக்கும் கொண்டைக்குருவி வகைப் பறவைக்கும் தின்னக் கொடுத்தார்கள். எச்சத்தில் வந்தவற்றில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு உயிரோடு இருந்தது. வெளியே வந்த பிறகு ஒரு நத்தை குட்டி போட்டது. 2012-இல் வெளியான ஆய்வு இது. முதல்முறை படித்தபோது எழுந்து நின்றுவிட்டேன்.

வந்தது ஒரே ஒரு நத்தைன்னா, குடும்பம் எப்படிப் பெருகும்?

பெரும்பாலான தரை நத்தைகள் இருபாலுயிரிகள், அதாவது ஒவ்வொன்றுக்குள்ளும் ஆண் உறுப்பும் உண்டு, பெண் உறுப்பும் உண்டு. சில இனங்கள் துணையே இல்லாமல் தானே கருவுறும். துணை தேவைப்படும் இனங்களிலும், ஏற்கெனவே சேர்ந்த துணையின் விந்தணுக்களை நீண்ட காலம் உடம்பில் சேமித்துவைப்பவை உண்டு. அதனால் கரை ஒதுங்கியது ஒன்றே ஒன்றாக இருந்தாலும் அது ஒரு குடும்பத்தைத் தொடங்கலாம்.

அப்புறம் காலத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். ஹவாயின் பெரிய தீவுகளில் பழையதான கவாய் கடலிலிருந்து எழுந்து சுமார் 50 லட்சம் வருடம் ஆகிறது. லட்சம் வருடத்துக்கு ஒரே ஒரு வருகை வெற்றி பெற்றால்கூட 50 வருகை. அதற்கும் குறைவே போதுமானது. வந்தவை எத்தனை என்பதைவிட, வந்த பிறகு என்ன ஆயிற்று என்பதுதான் பெரிய கதை.

சரி, வந்தது ஒரு இனம். அது எப்படிப் பத்து இனம் ஆகுது?

எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது நத்தையின் மெதுவான நடை. அக்காட்டினெல்லா இரவில் இலைமேல் படிந்திருக்கும் மெல்லிய பூஞ்சைப் படலத்தைச் சுரண்டித் தின்னும். இலைக்கு எந்தச் சேதமும் இல்லை. சாப்பாடு அதே மரத்தில் தினமும் கிடைக்கிறது. வேறெங்கும் போக அவசியம் இல்லாமல், ஒரு மரத்திலோ பக்கத்து இரண்டு மூன்று மரங்களிலோ ஆயுளே முடிந்துவிடும். நமக்குப் பள்ளத்தாக்கின் அந்தப் பக்கம் என்பது அரை நாள் நடை. அதற்கு அது வேறு தீவு.

இதை முதலில் ஊன்றிப் பார்த்தவர் ஜான் தாமஸ் குலிக். 1832-இல் கவாய் தீவில் பாதிரியார் குடும்பத்தில் பிறந்தவர். 1850களில் ஒவாஹுவின் மலைகளில் ஆயிரக்கணக்கில் ஓடுகளைச் சேகரித்தார். எந்தப் பள்ளத்தாக்கில் எடுத்தது என்பதைக் குறித்துவைத்தார், அதுதான் அவருடைய பெரிய காரியம். ஓடுகளைப் பரப்பிப் பார்த்தபோது, ஒன்றிரண்டு மைல் தள்ளியிருக்கும் அடுத்த பள்ளத்தாக்கிலேயே வேறு வடிவம், வேறு நிறம். தூரம் கூடக்கூட வேறுபாடும் கூடியது. நடுவே நிற்கும் மலைமுகடுதான் வேலி.

ஹவாய் எரிமலைத் தீவு என்பதால் இன்னொரு வேலியும் உண்டு. எரிமலைக் குழம்பு காட்டின் நடுவே ஓடும்போது சில இடங்களைச் சுற்றிக்கொண்டு போய்விடும். கருகிய பாறைக்கு நடுவே பச்சைத் திட்டாக ஒரு காடு மிஞ்சும். அதை அங்கே கீபுகா என்பார்கள். அதற்குள் மாட்டிக்கொண்ட நத்தைக் கூட்டம் தீவுக்குள் ஒரு தீவில் தனியாகிவிடுகிறது.

ரெண்டு பக்கமும் அதே மழை, அதே மரம். அப்புறம் ஏன் மாறணும்?

குலிக் கேட்டதும் இதையேதான். டார்வினைப் பின்பற்றிய பலர், சூழல் வேறுபட்டால்தான் உயிர் வேறுபடும் என்று நினைத்த காலம். குலிக்கோ, சூழல் ஒன்றாக இருந்தும் நத்தைகள் வேறுபடுகின்றன, பிரிந்திருப்பதே போதும் என்று 1872-இல் 'நேச்சர்' இதழில் எழுதினார். அன்று பலருக்கு அது ஏற்கத்தக்கதாகப் படவில்லை. இன்று நம்மிடம் அதற்குத் தெளிவான விளக்கம் இருக்கிறது.

திருவிழாக் கடையில் பத்து நிறப் பாசிமணிகளைக் கலந்து கொட்டிவைத்த கூடையை நினைத்துக்கொள்ளுங்கள். கண்ணை மூடி நாலு மணி எடுத்தால் பத்து நிறமும் கையில் வராது. புதுப் பள்ளத்தாக்கில் விழுந்த இரண்டு மூன்று நத்தைகள் அந்த நாலு மணி. பழைய கூட்டத்தின் மரபணுக்களில் ஒரு சிறு பகுதியே அவற்றோடு வருகிறது. கூட்டம் சிறியதாக இருப்பதால் அடுத்தடுத்த தலைமுறைகளிலும் தற்செயலாகவே சில மரபணுக்கள் தங்கும், சில மறையும். புதிதாகத் தோன்றும் மாற்றங்களும் இந்தப் பக்கத்தில் தோன்றியது அந்தப் பக்கம் போகாது. லட்சம் வருடம் இப்படியே போனால், பிறகு ஒருநாள் இரண்டும் சந்தித்தாலும் சேர முடியாமல் போகலாம், சேர்ந்தாலும் பிறப்பவை நலமாக இல்லாமல் போகலாம்.

அப்போ இயற்கைத் தேர்வுக்கு வேலையே இல்லையா?

நிறைய இருக்கிறது. ஒகசவாராவின் மன்டாரினா நத்தைகள் நல்ல உதாரணம். சில இனங்கள் மரத்தில், சில தரையில், சில இரண்டுக்கும் நடுவே வாழ்கின்றன. மரத்தில் வாழ்வதற்கு ஒரு வகை ஓடு, தரைக்கு வேறு வகை ஓடு. இந்தப் பிரிவு ஒரே தடவை நடந்து எல்லாத் தீவுகளுக்கும் பரவவில்லை. வெவ்வேறு தீவுகளில் தனித்தனியாக, திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது என்று டிஎன்ஏ காட்டுகிறது. வெறும் தற்செயல் இப்படி ஒரே விடையைப் பலமுறை எழுதாது. கலாபகஸ் நத்தைகளிலும், உயரமும் தாவர வகைகளும் அதிகமுள்ள தீவில் இனங்களும் அதிகம்.

எதிர்ப்பக்கத்தில் கிரேக்கத் தீவான கிரீட்டின் அல்பினாரியா நத்தைகள். ஏராளமான இனங்கள், ஆனால் எல்லாமே சுண்ணாம்புப் பாறையில் ஏறக்குறைய ஒரே மாதிரி வாழ்கின்றன. ஒன்று இருக்கும் இடத்தில் பெரும்பாலும் மற்றொன்று இருப்பதில்லை, அவ்வளவே. அங்கே பிரிவினைதான் முக்கிய வேலையைச் செய்திருக்கிறது. எந்தத் தீவில் எது எவ்வளவு என்று இடம் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். இரண்டில் ஒன்றே காரணம் என்று யாராவது அடித்துச் சொன்னால் நான் நம்புவதில்லை.

பறவை கொண்டுவரும்னு நீங்கதான் சொன்னீங்க. அப்படின்னா திரும்பத் திரும்ப வந்து கலந்துடாதா?

நல்ல கேள்வி. வருகை அடிக்கடி நடந்தால் புது இனம் உருவாகாது, மரபணுக்கள் கலந்துகொண்டே இருக்கும். வருகையே இல்லையென்றால் தீவில் நத்தையே இருக்காது. தொடங்கிவைக்கும் அளவுக்கு மட்டும் வந்து, கலைத்துவிடும் அளவுக்கு வராமல் இருக்க வேண்டும். நத்தை அந்த இடைவெளியில் கச்சிதமாக உட்கார்ந்திருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. வந்து சேர்வது வேறு, காலூன்றுவது வேறு. மதேராவிலும் பக்கத்திலுள்ள போர்ட்டோ சாண்டோ என்ற சிறு தீவிலும் தனித்தனி நத்தை இனங்கள். போர்ட்டோ சாண்டோவின் கற்கள் வருடாவருடம் மதேராவுக்குப் போய்க்கொண்டிருந்தன, கல்லிடுக்கில் வாழும் நத்தைகளும் அந்தத் தீவில் இருந்தன. இருந்தும் அந்த இனங்கள் மதேராவில் குடியேறவில்லை என்று டார்வின் குறித்திருக்கிறார். இடம் ஏற்கெனவே நிறைந்திருந்தால் புதிதாக வருபவருக்கு வழி இல்லை.

ஓட்டோட நிறம் வேறன்னா இனம் வேறன்னு அர்த்தமா?

இல்லை. 19-ஆம் நூற்றாண்டில் ஓடு சேகரிப்பது ஹவாயில் பெரிய பித்தாக இருந்தது. புதுக் கோடு ஒன்று தெரிந்தால் புதுப் பெயர். ஆனால் ஒரே மரத்தில், ஒரே இனத்துக்குள்ளேயே பல நிறங்கள் இருக்க முடியும். இன்று ஓட்டோடு இனப்பெருக்க உறுப்புகளின் அமைப்பையும் டிஎன்ஏ-வையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். அப்போதும் கோடு எப்போதும் தெளிவாக விழாது. மூரியா தீவின் பார்ட்டுலா நத்தைகளில், ஒரு இடத்தில் தனித்தனி இனம் போல நடந்துகொள்ளும் இரண்டு, இன்னொரு இடத்தில் கலந்து பெருகுகின்றன. இனம் பிரிவது பாதி வழியில் இருந்தால் அப்படித்தான் இருக்கும். ஆராய்ச்சியாளர்களின் குறையாக இதை நினைக்க வேண்டாம். நடந்துகொண்டிருக்கும் ஒன்றை நடுவில் எட்டிப் பார்க்கிறோம்.

ஓடு சுத்துற திசை மாறினாலே புது இனம் ஆயிடும்னு படிச்சேன். நிஜமா?

சில இடங்களில், ஆமாம். பெரும்பாலான நத்தைகளின் ஓட்டை நுனி மேலே இருக்கும்படி பிடித்தால் வாய் வலப்பக்கம் இருக்கும். அபூர்வமாகச் சிலவற்றில் இடப்பக்கம். திசை மாறினால் ஓடு மட்டுமல்ல, உடம்பே கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திரும்பிவிடும், இனப்பெருக்கத் துளையும் எதிர்ப்பக்கம் போய்விடும். முகத்தோடு முகம் வைத்துச் சேரும் தட்டை ஓட்டு நத்தைகளில் எதிரெதிர்த் திசைக்காரர்கள் சேர்வது ஏறக்குறைய நடக்காது.

'ஒற்றையாகத் திரும்பிப் பிறந்தவனுக்குத் துணை எங்கே கிடைக்கும்?' என்று உடனே கேட்பீர்கள். சுற்றும் திசையைத் தீர்மானிப்பது குட்டியின் சொந்த மரபணு அல்ல, தாயின் மரபணு. அதனால் ஒரு தாயின் பிள்ளைகள் எல்லாம் மொத்தமாக ஒரே திசையில் பிறக்கும். கூடப்பிறந்தவையே முதல் துணை.

அப்படிப் பிறந்தவை நிலைத்து நிற்க ஒரு சாதகமும் இருந்தால் இன்னும் நல்லது. ஜப்பானின் தென்கோடித் தீவுகளான இஷிகாகி, இரியொமோத்தேயில் நத்தை தின்னும் பாம்பு ஒன்று உண்டு. வழக்கமான நத்தையை ஓட்டிலிருந்து உருவ வசதியாக அதன் கீழ்த்தாடையில் வலப்பக்கம் பல் அதிகம். இடப்பக்க வாய் கொண்ட நத்தையிடம் அது தடுமாறுகிறது. இந்தப் பாம்பு வாழும் இடங்களில் இடப்பக்க நத்தைகள் அதிகம். மூரியாவிலோ வேறு கதை. பார்ட்டுலா சூட்டுராலிஸ் என்ற நத்தை, இடப்பக்க வாய் கொண்ட உறவினத்தோடு சேர்ந்து வாழும் பகுதியில் வலப்பக்கமாகவும், மற்ற இடத்தில் இடப்பக்கமாகவும் இருந்தது. தப்பான துணையோடு சேர்ந்து வீணாவதைத் திசை தடுத்துவிட்டது.

அப்போ இந்த அபூர்வ நத்தைதான் வலம்புரிச் சங்கு மாதிரியா?

அதேதான், ஆனால் பெயரில் ஒரு சிக்கல். நாம் சங்கை ஊதும் வாக்கில், கூர்நுனி கீழே இருக்கும்படி பிடித்துப் பார்த்துப் பெயர் வைத்தோம். உயிரியலாளர்கள் நுனியை மேலே வைத்துப் பார்க்கிறார்கள். ஒரே சங்கைத் தலைகீழாகப் பிடித்தால் வாய் பக்கம் மாறிவிடும். அதனால் நம் வலம்புரி அவர்கள் கணக்கில் இடச்சுற்று, நம் இடம்புரி அவர்களுக்கு வலச்சுற்று. மேலே 'வாய் இடப்பக்கம்' என்று நான் எழுதியதெல்லாம் நம் வலம்புரி.

இலங்கையும் தீவுதானே? அங்கேயும் இப்படியா?

இலங்கையின் தரை நத்தைகளிலும் பெரும்பாலானவை அங்கே மட்டுமே உள்ளவை. ஆனால் அது கடலடி எரிமலையாக எழுந்த தீவு அல்ல, கண்டத்திலிருந்து பிரிந்த நிலம். அதனால் கதையின் தொடக்கம் வேறு. மழைக்காட்டு மரங்களில் ஏறும் அழகான அக்காவஸ் நத்தை இலங்கைக்கே உரிய பேரினம். அதன் நெருங்கிய உறவுகள் மடகாஸ்கரிலும் செஷல்ஸிலும் இருக்கின்றன. நிலங்கள் ஒட்டியிருந்த கோண்ட்வானா காலத்து உறவு அது. கொரில்லா (Corilla, குரங்கு அல்ல) என்ற இன்னொரு நத்தைப் பேரினத்துக்கு இலங்கையில் பல இனங்கள், மேற்குத் தொடர்ச்சி மலையிலும் ஒரு கிளை. ஈர மலைக்காடுகளே இங்கே தீவுகள், நடுவில் உள்ள வறண்ட சமவெளிதான் கடல்.

புது இனம் உருவாக எவ்வளவு நாள் ஆகும்? யாராவது கண்ணால பார்த்திருக்காங்களா?

பொதுவாக ஆயிரக்கணக்கிலிருந்து லட்சக்கணக்கான வருடங்கள். முழுக் கதையை ஒரு மனிதர் ஆயுளில் பார்க்க முடியாது. உயிரியலாளர் ஹென்றி கிராம்ப்டன் 1906 முதல் தஹித்தி, மூரியா மலைகளில் ஏறி, பள்ளத்தாக்கு பள்ளத்தாக்காகப் பார்ட்டுலாக்களை அளந்து குறித்துவைத்தார். 1960களில் பிரையன் கிளார்க்கும் ஜேம்ஸ் மர்ரியும் அதே மலைகளில் ஆய்வைத் தொடர்ந்தார்கள். பாட்டன் ஆரம்பித்ததைப் பேரன் தொடர்வதுபோல் நடந்த வேலை. அது நடுவில் அறுந்துபோனதற்குக் காரணம் அடுத்த பதிலில்.

பரிணாமம்தான் இருக்கே, ஆபத்து வந்தா தகவமைச்சுக்க வேண்டியதுதானே?

நேரம் கிடைத்தால்தானே? தோட்டங்களை நாசம் செய்யும் ஆப்பிரிக்க ராட்சத நத்தையை ஒழிக்க என்று, மற்ற நத்தைகளைத் தின்னும் யூகிளாண்டினா என்ற வேட்டை நத்தையை 1955-இல் ஹவாயிலும் 1977-இல் மூரியாவிலும் விட்டார்கள். அது ராட்சத நத்தையை விட்டுவிட்டு, சின்ன மர நத்தைகளைச் சளித்தடம் பார்த்துத் தேடித் தின்றது. சுமார் பத்தே வருடத்தில் மூரியாவின் பார்ட்டுலாக்கள் காட்டிலிருந்து மறைந்தன. இதை எழுதும்போது இன்னும் எனக்கு ஆறவில்லை.

அக்காட்டினெல்லா ஒரு தடவைக்கு ஒரே குட்டி போடும், அது பெரிதாகப் பல வருடம் ஆகும். எலி, பச்சோந்தி, வேட்டை நத்தை என்று வருடத்துக்கு வருடம் வரும் எதிரிக்கு அந்த வேகத்தில் பதில் சொல்ல முடியாது. ஒவாஹுவின் 41 இனங்களில் இன்று மிஞ்சியவை சுமார் பத்துதான்.

இருபாலுயிரின்னு சொன்னீங்க. அப்போ 'ஜார்ஜ்' ஏன் தனியாவே குட்டி போடலை?

ஜார்ஜ், அக்காட்டினெல்லா அபெக்ஸ்ஃபுல்வா இனத்தின் கடைசி நத்தை. 1997-இல் அந்த இனத்தில் எஞ்சிய பத்து நத்தைகளைக் காட்டிலிருந்து ஆய்வகத்துக்குக் கொண்டுவந்தார்கள். அவற்றின் வழியில் ஆய்வகத்தில் பிறந்த ஜார்ஜ், 2019 ஜனவரி 1 அன்று, சுமார் 14 வயதில் இறந்தது. ஒரே நத்தை குடும்பத்தைத் தொடங்கலாம் என்று மேலே சொன்னது சில இனங்களுக்குத்தான். ஜார்ஜின் இனத்துக்கு இரண்டு உறுப்பும் இருந்தாலும் துணை வேண்டும். அதன் பாதத்திலிருந்து எடுத்த 2 மில்லிமீட்டர் தசையை உறைநிலையில் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள்.

மிச்சம் இருக்கிற எல்லாத்தையும் ஒரே கூண்டுல போட்டு வளர்த்தா எண்ணிக்கை கூடுமே?

எண்ணிக்கை கூடலாம். ஆனால் பள்ளத்தாக்குகள் லட்சக்கணக்கான வருடம் பிரித்துவைத்ததை நாம் ஒரே நாளில் கலந்துவிடுவோம். அக்காட்டினெல்லா முஸ்டெலினா பெயரளவில் ஒரே இனம். டிஎன்ஏ பார்த்தால் அதற்குள்ளேயே தனித்தனியாகக் காக்க வேண்டிய ஆறு கிளைகள். ஆகவே கிளைவாரியாகப் பிரித்தே வளர்க்கிறார்கள், எலியும் வேட்டை நத்தையும் ஏறமுடியாத வேலி போட்ட காட்டுத் துண்டுகளுக்குள் விடுகிறார்கள். கூட்டம் மிகவும் சுருங்கி, நெருங்கிய உறவுக்குள்ளேயே பெருகி நலிந்தால் மட்டும் கலப்பதை யோசிக்கலாம் என்பது என் கருத்து.

பார்ட்டுலாக்களில் சில இனங்களை அழிவதற்குள் எடுத்துப்போய் லண்டன் உள்ளிட்ட விலங்குக்காட்சிசாலைகளில் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றினார்கள். 2015-இலிருந்து அவை சொந்தத் தீவுகளுக்குத் திரும்புகின்றன. விடுமுன் ஒவ்வொரு ஓட்டிலும் சிறு வண்ணப் புள்ளி வைப்பார்கள். சில வருடம் கழித்து மூரியாவின் காட்டில் தேடியபோது, புள்ளியே இல்லாத, முழுதாக வளர்ந்த பார்ட்டுலா டோஹிவியானா கிடைத்தது. யாரும் கொண்டுவந்து விட்டதல்ல, அங்கேயே பிறந்தது.